ஒரு வருடம் கழித்துக் கணக்குக் கேட்ட டாக்டர்

அமெரிக்காவில் பாஸ்டன் என்று ஒரு நகரம் இருக்கிறது. கடற்கரைப் பட்டணம். சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு அங்கே மூட்டை தூக்குகிறவர்கள், கொத்தனார்கள், பெயிண்டர்கள் என்று ஏராளமான தொழிலாளர்கள் இருந்தார்கள். ஏணி சறுக்கும். பனிக்காலத்தில் தெருவில் கால் வழுக்கும். விழுகிறவன் கையை ஊன்றுவான். தோளுக்குப் பக்கத்தில் எலும்பு முறியும்.

ஆஸ்பத்திரிக்குப் போவான். கையை மடக்கிக் கழுத்தோடு சேர்த்துக் கட்டுவார்கள். சில வாரங்களில் எலும்பு கூடிவிடும். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பார்கள். படத்தில் எலும்பு ஒழுங்காகத் தெரியும். குணமாகிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் வலி போகாது!

சட்டை போட முடியாது. தலை சீவ முடியாது. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் போய்விடும். மாதங்கள் கடந்தாலும் கை தோளுக்கு மேலே எழும்பாது. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனால், படத்தில் ஒன்றும் இல்லையே என்பார்கள். நஷ்ட ஈடு கேட்டால், பணத்துக்காக நடிக்கிறான் என்று சந்தேகப்படுவார்கள். கையை நம்பிப் பிழைத்தவன் கையும் போய், பெயரும் கெட்டு நிற்பான்.

இந்த மனிதன் நடிக்கவில்லை, இவன் தோளுக்குள் படத்தில் விழாத ஒரு காயம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார் ஒரு டாக்டர். அவர் பெயர் எர்னஸ்ட் ஏமரி காட்மன். தோளைப் பற்றி அவர் அளவுக்கு யோசித்தவர்கள் அந்தக் காலத்தில் மிகக் குறைவு. அதைவிட, மற்ற டாக்டர்களைக் கேள்வி கேட்டு அவர் அளவுக்குப் பகை தேடிக்கொண்டவர்களும் குறைவு.

பந்தயம்

காட்மன் 1869-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தார். செல்வாக்கு உள்ள பழைய குடும்பம். துப்பாக்கியும் தூண்டிலும் அவருக்கு உயிர். விடுமுறை கிடைத்தால் காட்டுக்கோ கடலுக்கோ கிளம்பிவிடுவார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்து, 1895-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் வேலையை மாணவர்களிடம் விட்டுவிடுவார்கள். ஈதர் என்ற மருந்தை நனைத்து நோயாளியின் மூக்கருகே பிடிக்க வேண்டும். எவ்வளவு கொடுப்பது என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. மூச்சு நின்று, நோயாளி மேஜையிலேயே இறந்துபோவதும் உண்டு.

காட்மனுடன் ஹார்வி குஷிங் என்ற நண்பர் படித்தார். பிற்காலத்தில் மூளை ஆபரேஷனில் உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். மாணவராக இருந்தபோது குஷிங் மயக்க மருந்து கொடுத்த ஒரு நோயாளி அவர் கண் எதிரிலேயே இறந்துவிட்டார். குஷிங் மனம் ஒடிந்துபோனார். டாக்டர் படிப்பே வேண்டாம் என்றுகூட நினைத்தார்.

நண்பர்கள் இருவரும் ஒரு பந்தயம் போட்டார்கள். யார் கொடுக்கும் மயக்கம் நோயாளிக்கு அதிகத் தொல்லை தராமல் இருக்கிறது என்று பார்ப்பது. தோற்றவர் விருந்து வைக்க வேண்டும். பந்தயம் என்றால் கணக்கு வேண்டுமே! அதற்காக ஒரு காகிதத்தில் கட்டம் போட்டார்கள். ஆபரேஷன் நடக்கும்போது நாடி எத்தனை தடவை துடிக்கிறது, மூச்சு எத்தனை தடவை வருகிறது என்று சிறிது நேரத்துக்கு ஒருமுறை குறித்தார்கள். 1894-ல் இது தொடங்கியது.

இளைஞர்களின் விளையாட்டுப் போலத் தோன்றலாம். ஆனால் குறித்துப் பார்க்கத் தொடங்கியவுடன், நாடி தளருவது முன்கூட்டியே தெரிந்தது. மருந்தைக் குறைக்க முடிந்தது. இன்று ஆபரேஷன் நடக்கும் அறைகளில் எல்லாம் மயக்க மருந்து டாக்டர் இப்படி ஒரு கணக்கு வைக்கிறார். அதற்கு வழிகாட்டியவை இந்த இரண்டு மாணவர்களின் காகிதங்கள்.

எதையும் எழுதி வைத்துக் கணக்குப் பார்க்கும் பழக்கம் காட்மனுக்கு அன்று பிடித்துக்கொண்டது. கடைசி வரை விடவில்லை.

ஊடுருவும் கதிர்

1895 நவம்பர் மாதம் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். உடலை அறுக்காமலே உள்ளே இருக்கும் எலும்பைப் பார்க்கலாம் என்ற செய்தி உலகத்தையே வியப்பில் ஆழ்த்தியது. இளம் டாக்டர் காட்மன் உடனே அதில் இறங்கினார். பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வேலையைக் கவனித்தார்.

எல்லோரும் முறிந்த எலும்பைப் படம் எடுத்தார்கள். காட்மன் முறியாத எலும்பையும் படம் எடுத்தார். நல்ல மூட்டு படத்தில் எப்படி இருக்கும் என்று தெரியாவிட்டால், கெட்ட மூட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? உடலில் உள்ள மூட்டுகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துத் தொகுத்தார். எக்ஸ்ரே கதிர் பட்டுத் தோல் வெந்துபோன சம்பவங்களையும் சேகரித்து, 1902-ல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

எக்ஸ்ரே எதைக் காட்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். எதைக் காட்டாது என்பதும் தெரியும். பிற்காலத்தில் படத்தில் ஒன்றும் இல்லை என்ற பேச்சை அவர் ஏற்காமல் இருந்ததற்கு இதுவே காரணம்.

தோளுக்குள் என்ன இருக்கிறது?

பிறகு அவர் மாசசூசெட்ஸ் பொது ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் டாக்டராக வேலை பார்த்தார். பாஸ்டனில் பேர்போன ஆஸ்பத்திரி அது. அங்கே வரும் நோயாளிகளில் தோள்வலிக்காரர்களை அவர் விடாமல் கவனித்தார்.

தோள் ஒரு விசித்திரமான மூட்டு. இடுப்பு மூட்டில் எலும்பின் பந்து ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் பலம் அதிகம், ஆட்டம் குறைவு. தோளிலோ கிண்ணம் ஆழம் இல்லை. தட்டு மாதிரி இருக்கிறது. பந்து அதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் கையை முன்னும் பின்னும் மேலும் கீழும் சுழற்ற முடிகிறது. பந்து தட்டை விட்டு நழுவாமல் நான்கு தசைகள் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த நான்கில் மேலே இருக்கும் தசையில்தான் சங்கடம். அதன் நார், தோளின் கூரை போல இருக்கும் ஓர் எலும்புக்கு அடியில் நுழைந்து வருகிறது. வந்து, மேல்கை எலும்பின் உச்சியில் உள்ள ஒரு மேட்டில் ஒட்டிக்கொள்கிறது. கூரைக்கும் நாருக்கும் நடுவில் வழவழப்பான ஒரு சிறு பை இருக்கிறது. கை உயரும்போது இரண்டும் உரசாமல் காப்பது அந்தப் பை.

கீழே விழுந்தால் என்ன ஆகும்? சில சமயம் அந்த மேடு உடைந்து பெயர்கிறது. சில சமயம் எலும்பு தப்பி, நார் கிழிகிறது. இரண்டும் சேர்ந்தே நடப்பதும் உண்டு. எலும்பு உடைந்தால் படத்தில் தெரியும். நார் கிழிந்தால் தெரியாது. உடைந்த மேடு சற்று மேலே ஏறிய நிலையில் கூடிவிட்டால், கையைத் தூக்கும்போதெல்லாம் அது கூரையில் இடிக்கும். பல வாரம் கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால், மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு சுருங்கி இறுகிவிடும். இத்தனையும் நடந்த பிறகு எலும்பு கூடிவிட்டது என்று சொல்லி அனுப்பினால், வலி எப்படிப் போகும்?

காட்மன் இறந்தவர்களின் தோள்களை அறுத்து ஆராய்ந்தார். உயிரோடு இருப்பவர்களின் தோளையும் திறந்து பார்த்தார். 1909-ல் ஒரு நோயாளியின் கிழிந்த நாரைத் தைத்துச் சேர்த்தார். 1911-ல் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்.

மேல்கை எலும்பின் தலை உடையும்போது கண்டபடி உடைவது இல்லை என்பதையும் அவர் கண்டார். குழந்தைப் பருவத்தில் அந்த எலும்பு தனித்தனித் துண்டுகளாக வளர்ந்து, பிறகு ஒன்றாகச் சேர்கிறது. சேர்ந்த அந்தப் பழைய கோடுகளை ஒட்டியே உடைகிறது. தலை, பெரிய மேடு, சிறிய மேடு, தண்டு என்று நான்கு துண்டுகள். சார்லஸ் நீர் என்ற நியூயார்க் டாக்டர் 1970-ல் இதையே அடிப்படையாக வைத்துத் தோள் முறிவுகளை வகை பிரித்தார். இன்றும் எலும்பு டாக்டர்கள் அந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

அந்தக் காலத்து ஆபரேஷன் சாமானியம் அல்ல. தோளைப் பெரிதாகத் திறந்தாக வேண்டும். காட்மன் கையாண்ட ஒரு முறைக்கு வாள்வெட்டு என்றே பெயர் வந்தது. குதிரை வீரனின் வாள் தோள் உச்சியில் விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு வெட்டு. கூரை எலும்பையும் அறுத்து விலக்கினால்தான் கிழிந்த நாரை எட்ட முடியும். நாரைத் தைத்து, அறுத்த எலும்பையும் சேர்க்க வேண்டும். இவ்வளவு பெரிய காயத்துக்குப் பிறகு நோயாளிக்கு நன்மை கிடைத்ததா, இல்லையா? இந்தக் கேள்வி அவரை அரித்தது.

சின்னச் சீட்டு

அக்காலத்தில் ஆபரேஷன் முடிந்து நோயாளி வாசலைத் தாண்டினால், டாக்டருக்கும் அவருக்கும் உறவு முடிந்துவிடும். ஆபரேஷன் வெற்றி என்று டாக்டர் எழுதி வைப்பார். வெற்றியா, இல்லையா என்று நோயாளியை யாரும் கேட்பது இல்லை.

காட்மன் ஒரு யோசனை சொன்னார். மிகச் சாதாரணமான யோசனைதான். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சீட்டுப் போட வேண்டும். என்ன நோயோடு வந்தார், டாக்டர் என்ன நினைத்தார், என்ன சிகிச்சை செய்தார் என்று எழுத வேண்டும். ஒரு வருடம் கழித்து அவரைத் தேடிப் பிடித்து, எப்படி இருக்கிறார் என்று கேட்டு அதே சீட்டில் குறிக்க வேண்டும். குணமாகவில்லை என்றால், ஏன் என்று காரணம் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியாக இந்தக் கணக்கைப் பொதுமக்களுக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும்.

இதற்கு அவர் வைத்த பெயர், முடிவுப் பலன் திட்டம்.

ஒரு மளிகைக் கடைக்காரர்கூட வருடத்துக்கு ஒரு தடவை இருப்புக் கணக்குப் பார்க்கிறார். ஆஸ்பத்திரிகள் பார்க்கவில்லை. படுக்கை எத்தனை, செலவு எவ்வளவு என்ற கணக்கு மட்டும் இருந்தது. எத்தனை பேர் குணமானார்கள் என்ற கணக்கு இல்லை.

1910-ல் காட்மன் இங்கிலாந்து போயிருந்தார். அங்கே பிராங்க்ளின் மார்ட்டின் என்ற சிகாகோ டாக்டருடன் குதிரை வண்டியில் போகும்போது இந்த யோசனையை விளக்கினார். மார்ட்டினுக்குப் பிடித்துவிட்டது. அமெரிக்க ஆபரேஷன் டாக்டர்களுக்கு ஒரு பெரிய சங்கம் அமைக்க அவர் பாடுபட்டுக்கொண்டிருந்தார். 1913-ல் சங்கம் பிறந்தது. ஆஸ்பத்திரிகளின் தரத்தை ஆராயும் கமிட்டிக்குக் காட்மன் தலைவர் ஆனார்.

வெளியில் மரியாதை கிடைத்தது. சொந்த ஆஸ்பத்திரியில் கிடைக்கவில்லை. அங்கே டாக்டர்களுக்கு வயது வரிசைப்படி பதவி உயர்வு. யார் எத்தனை பேரைக் குணப்படுத்தினார் என்று பார்த்துப் பதவி கொடுங்கள் என்று காட்மன் கேட்டார். முடியாது என்றார்கள். 1914-ல் ராஜினாமா செய்தார்.

ராஜினாமா செய்தவர் சும்மா இருக்கவில்லை. அதே ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டர் பதவி கேட்டு மனுப் போட்டார்! மற்றவர்களைவிட என் சிகிச்சையின் பலன் நன்றாக இருக்கிறது என்பதே அவர் சொன்ன தகுதி. மற்றவர்கள் கணக்கே வைக்காதபோது இதை எப்படி மறுக்க முடியும்? குறும்பும் கோபமும் கலந்த மனிதர் அவர். இந்தக் குறும்பே அவருடைய காரியத்தைப் பல தடவை கெடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

123 தவறுகள்

1911-லேயே அவர் சொந்தமாக ஒரு சிறிய ஆஸ்பத்திரி தொடங்கியிருந்தார். அடுத்தவர்களைக் கணக்குக் கேட்பவர் முதலில் தன் கணக்கைக் காட்ட வேண்டாமா? காட்டினார்.

1911 முதல் 1916 வரை அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பியவர்கள் 337 பேர். இந்தச் சிகிச்சைகளில் நேர்ந்ததாக அவரே பதிவு செய்த தவறுகள் 123. அறிவு போதாமல் செய்த தவறு, கை சரியாக வராமல் செய்த தவறு, யோசனை பிசகிய தவறு, கவனக்குறைவால் வந்த தவறு, நோயையே சரியாகக் கண்டுபிடிக்காத தவறு என்று வகை பிரித்தார். அச்சடித்துப் புத்தகமாக வெளியிட்டு, மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பினார். நீங்களும் உங்கள் கணக்கை வெளியிடுங்கள் என்பது அதன் பொருள்.

யாரும் வெளியிடவில்லை.

தன் தவறைத் தானே அச்சடித்துக் கொடுத்த டாக்டரிடம் நோயாளிகள் வருவார்களா? காட்மனும் இதை அறியாதவர் அல்ல. ஆனாலும் செய்தார்.

நெருப்புக்கோழி

1915-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி பாஸ்டனில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரிகளைத் திறமையாக நடத்துவது எப்படி என்பது பொருள். தலைவர் காட்மன். நகர மேயரும் வந்திருந்தார். மண்டபம் நிறைந்திருந்தது.

கூட்டம் முடியும் நேரம். காட்மன் ஒரு பெரிய படத்தைத் திறந்து காட்டினார். எட்டு அடி நீளக் கேலிச்சித்திரம். நடுவில் ஒரு நெருப்புக்கோழி. தலையை மணலில் புதைத்துக்கொண்டு நிற்கிறது. அதன் பின்னால் தங்க முட்டைகள். அந்த முட்டைகளை அது டாக்டர்களின் பக்கம் உதைத்துத் தள்ளுகிறது. கோழி யார்? பாஸ்டனின் பணக்காரப் பேட்டைவாசிகள். முட்டை எது? அவர்கள் கொடுக்கும் பீஸ். பல்கலைக்கழகத் தலைவரும் படத்தில் இருந்தார். ஆஸ்பத்திரி நிர்வாகிகளும் இருந்தார்கள். சிகிச்சையின் உண்மையான பலனைச் சொல்லிவிட்டால் இந்தக் கோழி தொடர்ந்து முட்டை இடுமா என்று அவர்கள் கவலைப்படுவதுபோல வரைந்திருந்தது.

மண்டபத்தில் ஒரே அமளி! சிலர் எழுந்து வெளியேறினார்கள். மறுநாள் பத்திரிகைகளில் எல்லாம் இதே செய்தி. சங்கத்தின் தலைமைப் பதவியை விட்டு விலகும்படி காட்மனிடம் சொன்னார்கள். ஹார்வர்டில் அவர் பார்த்துவந்த ஆசிரியர் வேலையும் போயிற்று. பழகியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மற்ற டாக்டர்கள் அனுப்பும் நோயாளிகள் குறைந்தார்கள். வருமானம் சரிந்தது.

அவர் மனைவி கேத்தரின் இந்தக் காலம் முழுவதும் அவருக்குத் துணையாக நின்றார். 1899-ல் நடந்த திருமணம். குழந்தைகள் இல்லை.

1917 டிசம்பர் 6-ந் தேதி கனடாவில் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் ஒன்று வெடித்தது. சுமார் 2 ஆயிரம் பேர் மாண்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் காயம் அடைந்தார்கள். உதவிக்கு விரைந்த பாஸ்டன் டாக்டர்களில் காட்மனும் ஒருவர். பிறகு முதல் உலகப் போர் முடியும் வரை ராணுவ டாக்டராக வேலை செய்தார். அவருடைய சொந்த ஆஸ்பத்திரி மூடப்பட்டது.

அடுப்பில் போன பட்டியல்

காட்மன் விலகினாலும், அவர் தொடங்கிவைத்த தர ஆராய்ச்சியைச் சங்கம் கைவிடவில்லை. ஒரு நல்ல ஆஸ்பத்திரிக்குக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும் என்று விதிகள் வகுத்தார்கள். நோயாளி பற்றிய குறிப்பு எழுதி வைக்கிறார்களா, எக்ஸ்ரே இருக்கிறதா, சோதனைச்சாலை இருக்கிறதா என்பவை போன்ற சாதாரண விதிகள். 100 படுக்கைக்கு மேல் உள்ள 692 ஆஸ்பத்திரிகளைச் சோதித்தார்கள். தேறியவை 89!

தேறாதவற்றில் நாடறிந்த பெரிய ஆஸ்பத்திரிகளும் இருந்தன. 1919 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு பெரிய ஓட்டலில் சங்கம் கூடியது. எண்ணிக்கையை மட்டும் வெளியே சொன்னார்கள். எந்த எந்த ஆஸ்பத்திரி தேறவில்லை என்ற பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் சிக்கினால் என்ன ஆவது? அன்று இரவே பட்டியலை ஓட்டலின் உலையில் போட்டு எரித்துவிட்டார்கள்.

காட்மன் காட்டிய நெருப்புக்கோழி பொய் சொல்லவில்லை!

ஆனாலும் அந்த விதிகள் நிலைத்தன. வருடா வருடம் தேறிய ஆஸ்பத்திரிகளின் எண்ணிக்கை கூடியது. 1951-ல் அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கத் தனி அமைப்பே ஏற்பட்டது. 1996-ல் அது காட்மன் பெயரால் ஒரு விருதை ஏற்படுத்தியது.

பெரிய புத்தகம்

போருக்குப் பிறகு காட்மன் எலும்பில் வரும் புற்றுநோய் பக்கம் திரும்பினார். 1920 முதல், நாடு முழுவதும் உள்ள டாக்டர்களுக்கு எழுதி, நோயாளிகளின் விவரங்களைச் சேகரித்து ரிஜிஸ்தர் போட்டார். இங்கேயும் கேள்வி அதே கேள்விதான். இந்த நோயாளி பிறகு என்ன ஆனார்? எலும்புக் கட்டியின் எக்ஸ்ரே படத்தில் தெரியும் ஒரு முக்கோண அடையாளத்தை இன்றும் காட்மன் முக்கோணம் என்கிறார்கள்.

1929-ல் பழைய ஆஸ்பத்திரி அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஆலோசனை டாக்டராக வந்து, தோள் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். வயது 60-ஐ நெருங்கிவிட்டது. இளமையில் தொட்ட தோளை முதுமையில் முடித்தார். 1934-ல் தோள் என்ற பெயரிலேயே 500 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம் வெளிவந்தது. அச்சிட்ட செலவு அவருடையது.

மருத்துவப் புத்தகத்தில் தன் வாழ்க்கைக் கதையையும் எழுதிய டாக்டர் அவர். தன் வருமானம் எந்த வருடம் ஏறியது, எந்த வருடம் இறங்கியது என்று கோடு போட்டுக் காட்டும் படமும் அதில் உண்டு. சொந்தத் தோல்விக்கும் சீட்டுப் போட்டுவிட்டார்!

மற்றப் பக்கங்களில் தோளின் நோய்கள். வலியோடு மூட்டு இறுகி, கை எந்தப் பக்கமும் அசையாமல் போகும் நோய்க்கு உறைந்த தோள் என்று அவர் அதில் பெயர் வைத்தார். இன்று உலகம் முழுவதும் அந்தப் பெயரே வழங்குகிறது. நார் கிழிந்த தொழிலாளர்களை நடிப்பவர்கள் என்று ஒதுக்குவது எவ்வளவு பெரிய அநியாயம் என்பதையும் விளக்கினார். கிழிந்த நாரை எவ்வளவு சீக்கிரம் தைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றார்.

ஓர் எளிய பயிற்சியும் அவர் பெயரால் வழங்குகிறது. இடுப்பை வளைத்துக் குனிந்து நின்று, நோயுள்ள கையைத் தளரத் தொங்கவிட வேண்டும். கடிகாரத்தின் ஊசல் போல அது மெதுவாக ஆடும். நிமிர்ந்து நின்று கையைத் தூக்கினால் கையின் பாரம் முழுவதையும் காயம்பட்ட நார் இழுக்க வேண்டும். குனிந்து தொங்கவிட்டால் பாரத்தை பூமி இழுத்துக்கொள்கிறது. நாருக்கு வேலை இல்லை, மூட்டுக்கு அசைவு கிடைக்கிறது. காசு செலவில்லாத வைத்தியம். தோள் எலும்பு முறிந்தவர்களுக்கு, தகுந்த சமயம் பார்த்து டாக்டர்கள் இன்றும் சொல்லிக்கொடுக்கும் முதல் பயிற்சிகளில் இது ஒன்று.

1940-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி காட்மன் காலமானார். தோலில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 70.

சாவித் துவாரம்

வாள்வெட்டுப் போலத் தோளைத் திறந்த அவர் காலத்திலேயே, திறக்காமல் பார்க்கும் வழியைச் சிலர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் டக்காகி என்ற டாக்டர் 1918-ல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் விட்டுப் பார்த்தார். நியூயார்க்கில் பர்மன் என்ற டாக்டர் 1931-ல், இறந்தவர்களின் தோள் உள்படப் பல மூட்டுகளுக்குள் குழாயை விட்டுப் பார்த்து எழுதினார். டக்காகியின் சீடர் வாட்டனாபே 1950-களின் கடைசியில் மூட்டைப் பார்க்க நல்ல கருவி ஒன்றை உருவாக்கினார். பிறகு ஒளியைக் கொண்டுசெல்லும் கண்ணாடி இழையும், சின்னஞ்சிறு காமிராவும் வந்தன.

இன்று சாவித் துவார ஆபரேஷன் சாதாரணமாகிவிட்டது. தோளில் சுமார் ஒரு சென்டிமீட்டர் அளவில் இரண்டு, மூன்று துளைகள் போடுகிறார்கள். ஒன்றின் வழியாகக் காமிரா போகிறது. உப்பு நீரைச் செலுத்தி மூட்டை விரியச் செய்கிறார்கள். உள்ளே இருப்பது டெலிவிஷன் திரையில் பெரிதாகத் தெரிகிறது. மற்றத் துளைகள் வழியாகக் கருவிகள் போகின்றன. முறிவுக்குப் பிறகு இறுகிப்போன சவ்வை அறுத்து விடலாம். கூரையில் இடிக்கும் எலும்பு மேட்டைச் சீவலாம். எலும்பில் சிறு ஆணி பதித்து, அதில் உள்ள நூலால் கிழிந்த நாரைக் கட்டலாம். காட்மன் கூரையை அறுத்துக்கொண்டு போய்ப் பார்த்த அதே இடத்தை, இன்று கூரையை அறுக்காமல் எட்டுகிறார்கள்.

ஆனால் துளை சிறியதாகிவிட்டதால் காட்மனின் கேள்வி சிறியதாகிவிடவில்லை. ஆபரேஷன் எளிதானவுடன், தேவை இல்லாதவர்களுக்கும் செய்வது பெருகியது. தோள் கூரையின் அடிப்பக்கத்தைச் சீவும் ஆபரேஷன் உண்மையில் பலன் தருகிறதா என்று பிரிட்டனில் ஆராய்ந்தார்கள். 313 நோயாளிகள். நார் முழுவதும் கிழியாமல், வலி மட்டும் நீடித்தவர்கள். ஒரு பகுதியினருக்கு எலும்பைச் சீவினார்கள். இன்னொரு பகுதியினருக்குக் காமிராவை விட்டுப் பார்த்ததோடு சரி, சீவவில்லை. மூன்றாவது பகுதியினருக்கு ஆபரேஷனே இல்லை. ஆறு மாதம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் கேட்டார்கள்.

முடிவு 2018-ல் வெளிவந்தது. சீவியவர்களுக்கும், சீவியதாக நினைத்துக்கொண்டவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! ஆபரேஷன் இல்லாதவர்களைவிட இவர்கள் கொஞ்சம் தேவலை. அதுவும் மிகக் கொஞ்சம். எலும்பு தவறாகக் கூடியவர்களுக்கும், நார் முழுவதும் அறுந்தவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தாது. அவர்கள் கதை வேறு. யாருக்குத் துளை வேண்டும், யாருக்குப் பயிற்சி மட்டும் போதும் என்று பிரித்துப் பார்க்க, சீட்டுப் போட்டுக் கேட்பதைத் தவிர வேறு வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கல் இல்லாத சமாதி

காட்மன் இறந்தபோது கையில் பெரிய பணம் இல்லை. அவருடைய சாம்பலைப் பாஸ்டனை அடுத்த மவுண்ட் ஆபர்ன் என்ற இடுகாட்டில், மனைவியின் குடும்பத்துக்குச் சொந்தமான இடத்தில் வைத்தார்கள். அடையாளமாக ஒரு கல்கூட நடவில்லை. 70 ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் வெறும் புல்தரையாகவே கிடந்தது. எண்ணற்ற தோள் டாக்டர்கள் அவர் பெயரைச் சொல்லிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள்; அவர் எங்கே இருக்கிறார் என்று அடையாளம் காட்ட ஒன்றும் இல்லை.

2014-ம் ஆண்டில் டாக்டர்கள் ஒன்றுசேர்ந்து பணம் திரட்டி, அங்கே கருங்கல் நாட்டினார்கள். அதில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.